வெளியிலிருந்து ஒரு தடம்

எழில்மதியைப் பற்றி இப்போது எங்கள் டவுன்ஷிப்பில் யாரைக் கேட்டாலும், அண்ணிக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்துக் குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டவள் என்றுதான் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன்பு இதே ஆட்கள்தான் அவளை விஞ்ஞானி என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பள்ளிக்கூடத்தில் மேடை போட்டுச் சால்வை போர்த்தி, அவள் பேசியதில் ஒரு வரி புரியாமல் கை தட்டினார்கள். இரண்டு முறையும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அவள் செய்ததை நியாயப்படுத்த எனக்கு வாய் வராது. ஆனால் எப்படிப்பட்ட மூளையோடு அதைச் செய்தாள் என்று தெரியாமல் ஆளாளுக்குப் பேசுவதையும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் பெயர் சுப்புலட்சுமி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே சுரங்க வேலைக்கு வந்து பர்மனென்ட் ஆனவர். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இப்போது இங்கேயே கணக்கு டீச்சராக இருக்கிறேன். எழில்மதியின் ஆட்கள் அப்படியல்ல. இந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். சுரங்கத்துக்காக ஊரே இடம் மாறியபோது இவர்களிடம் கொடுப்பதற்கு நிலம் இல்லை, அதனால் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. டவுன்ஷிப் ஓரத்துக் காலனியில் குடியேறினார்கள். அவள் கல்லூரி முடிப்பதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வீடு என்றால் அண்ணன் நெடுமாறன், அண்ணி உமாராணி, அவர்களுடைய மகள் அபி, அவ்வளவுதான்.

நெடுமாறன் டவுன்ஷிப் பராமரிப்பு வேலையில் கான்ட்ராக்ட் ஆள். வாய்க்கால் தூர் எடுப்பது, கிளை வெட்டுவது, புதர் கழிப்பது. ஆறு பேர் கொண்ட செட்டு அது. அதற்கு மேஸ்திரி பெரியண்ணன். எழில்மதி வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டம் வாங்கி ஐரோப்பாவுக்குப் போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்ததும் இரண்டிரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கிற வேலைதான். எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் அவளும் கான்ட்ராக்ட். இதைச் சொல்லி நான் அவளைக் கிண்டல் செய்வேன், அவளும் சிரிப்பாள்.

அவள் என்ன வேலை செய்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர்களுக்குப் புரியாதது இதுதான்.

பூமிக்கு அடியில் பெரிய குழாய்க்குள் அணுத்துகள்களை எதிரெதிரே விட்டு மோத வைக்கிறார்கள். மோதும் இடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய சிலிக்கான் தகடுகளை அடுக்கடுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். மோதலில் பிறந்து வெளியே பாய்கிற துகள் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். புள்ளிகளைச் சேர்த்தால் அதன் தடம் கிடைக்கும். காந்தத்தால் அந்தத் தடம் எவ்வளவு வளைகிறது என்று பார்த்துத் துகளின் உந்தத்தைக் கணக்கிடுவார்கள். ஆனால் அதற்கு முதலில் ஒவ்வொரு தகடும் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு தலைமயிரைப் பத்தாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அந்த அளவுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். மூடி வைத்த பிறகு உள்ளே போய் அளக்க வழியில்லை. சூடு ஏறினால் தகடு நகரும், காந்தத்தை நிறுத்திப் போட்டால் நகரும். அதனால் துகள்களின் தடங்களை வைத்தே தகடுகளைச் சரிபார்ப்பார்கள். லட்சக்கணக்கான தடங்களை எடுத்து, புள்ளிகள் தடத்திலிருந்து எவ்வளவு விலகி விழுகின்றன என்று பார்த்து, அந்த விலகல் ஆகக் குறைவாகும்வரை ஒவ்வொரு தகட்டின் இடத்தையும் கணக்கில் திருத்துவார்கள். இதுதான் எழில்மதியின் வேலை.

இதில் ஒரு பொல்லாத கண்ணி உண்டு. தகடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், ஒரே திசையில், கூட்டாக முறுக்கிக்கொண்டால் விலகல் ஏறவே ஏறாது. தடங்கள் அழகாகப் பொருந்தும். விடை மட்டும் தப்பாக இருக்கும். வீட்டில் உள்ள கடிகாரம் எல்லாம் ஒரே அளவுக்குப் பிந்தினால், ஒன்றை ஒன்று பார்த்து யாரால் கண்டுபிடிக்க முடியும்? வெளியே ஷிப்டுக்குச் சங்கு ஊதினால்தான் தெரியும். அவர்களுக்குச் சங்கு என்பது வானத்திலிருந்து வருகிற துகள். அது நடுவில் பிறப்பதில்லை. மேலிருந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்து, தகடுகள் நிற்கிற கூண்டின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே ஓட்டத்தில் கடந்து போகும். ஒரே துகளுக்கு மேல்பாதி ஒரு வளைவும் கீழ்ப்பாதி வேறு வளைவும் சொன்னால், உள்ளே முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு முறை குழுவில் எல்லோரும் சோதனைகள் சரியாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போடத் தயாரானபோது, இவள் ஒருத்தி மாட்டேன் என்றாள். விலகல் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை என்றாள். மோதல் நிறுத்தியிருந்த நாட்களில் பதிவான வானத்துத் தடங்களைத் தேடி எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முறுக்கு இருந்தது. மேடை, சால்வை எல்லாம் அதற்குத்தான். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னால் சந்தேகப்படு, வெளியே இருந்து ஒரு தடம் தேடு என்பது அன்று முதல் அவள் புத்தியில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது.

போன கோடையில் நெடுமாறன் செத்துப்போனார். அக்னி நட்சத்திர வெயில். குவார்ட்டர்ஸ் பின்புறம் வாய்க்கால் தூர் எடுக்கும்போது மயங்கி விழுந்தாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை என்றார்கள். நாற்பதுகூட ஆகவில்லை அவருக்கு. எழில்மதி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்தத் துக்கம் அவளைப் பைத்தியம்போல் ஆக்கியிருந்தது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

காரியம் முடிந்ததும் தொழிற்சங்கத்து ஆட்கள் கான்ட்ராக்டரிடம் பேசினார்கள். வேலையின்போது இறந்தவர் என்பதால் அதே செட்டில் உமாராணிக்கு வேலை கொடுப்பதாக அவர் அரை மனதோடு ஒப்புக்கொண்டார். வேலை நேரத்தில், வேலை இடத்தில் நடந்த சாவுதான் என்று தொழிலாளர் அதிகாரி விசாரித்துச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. உமாராணிக்கு அந்த வேலை உயிர். அபிக்கு அப்போது பத்து வயது. நாத்தனார் பணம் அனுப்புவாள் என்று எல்லோரும் சொன்னபோது, அவள் வேலையே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆடுகிறது, நான் அவள் கையை எதிர்பார்த்து எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது என்று உமாராணி கேட்டாள். நியாயமான கேள்வி.

விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். அதிகாரி ஜெயராமன் ஓய்வு பெறப்போகிற வயது, சாந்தமான மனிதர். பெரியண்ணனும் மற்ற நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சொன்னார்கள். நெடுமாறன் கண் இருட்டுகிறது என்றார். கொஞ்சம் தண்ணீர் கொடு என்றார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். ஐந்து பேரும் இதையே சொன்னார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். உமாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் எழில்மதியைப் பார்த்தேன். அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள்.

"சுப்பு, அஞ்சு பேருக்கு ஒரே ஞாபகம் இருக்குமாடி? நெசமா பாத்தவங்க கொஞ்சம் முன்ன பின்னதான் சொல்லுவாங்க. இது யாரோ சொல்லிக் குடுத்தது."

உன் அண்ணியைக் கேட்டுப் பாரேன் என்றேன். அவள் தலையை அசைத்தாள்.

"அண்ணி அங்க இல்ல. அந்த அஞ்சு பேரு சொன்னதத்தான் அவங்களும் சொல்லிகினு இருக்காங்க. உள்ளாற இருக்கறவங்கள எத்தினி தரம் கேட்டாலும் அதேதான் வரும்."

அவளுக்கு ஒரு ஊகம் வந்துவிட்டது. கான்ட்ராக்டர் மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். செட்டு ஆட்களை அவ்வப்போது அங்கே கூட்டிப்போய் ஓசியில் வேலை வாங்குவார் என்று காலனியில் பேச்சு உண்டு. அண்ணன் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும், அதை மறைக்க ஐந்து பேருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் நம்பினாள். உமாராணிக்குக் காட்டுகிற வேலை அதற்கான வாய்ப்பூட்டு என்றும், உண்மை தெரிந்தால் கான்ட்ராக்டர் இதைவிடப் பெரிதாகப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னாள். கேட்டபோது எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது.

அந்த வாய்க்காலை ஒட்டிய வீட்டு மாடியில் புவனா என்று ஒரு அம்மாள் இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஊர், குடிவந்து சில மாதம்தான். செட்டு ஆட்கள் ஒருவரையும் பெயர் சொல்லத் தெரியாது. எழில்மதி தேடியது இப்படிப்பட்ட ஒரு ஆளைத்தான். அன்று காலை முழுக்க மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்ததாகப் புவனா சொன்னாள். கீழே வாய்க்காலில் ஐந்து பேரைத்தான் பார்த்தாளாம். வெயில் ஏறிய பிறகு குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றதாம். அதிலிருந்து ஒருவரை இறக்கி மரத்தடியில் கிடத்தினார்களாம். பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்ததாம்.

எழில்மதியின் முகத்தில் அப்போது வந்த தெளிவு எனக்குப் பழக்கமானது. கடினமான கணக்குக்கு விடை கிடைத்துவிட்டால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். உடனே அதிகாரியிடம் போக வேண்டும் என்றாள். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று நான் சொல்லாமல் இல்லை. அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். சோதனை முடியும்வரை விடையை மூடியே வைத்திருப்பார்கள், விடை தெரிந்தால் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும் என்று. முடிந்த பிறகு அண்ணியிடம் முழுசாகச் சொல்கிறேன் என்றாள். நான் வாதாடிப் பார்த்தேன். அவள் பிடிவாதம் தெரியாதா எனக்கு?

ஜெயராமன் எல்லாவற்றையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உத்தரவு அநேகமாகத் தயார் என்று அவர் முகமே சொன்னது.

"இதை நீங்க சொல்லித்தான் ஆகணுமாம்மா? நல்லா யோசிச்சுக்குங்க. சொல்லிட்டீங்கன்னா நான் அந்த டிரைவரைக் கூப்பிட்டாகணும்."

"எனக்கு உண்மை தெரியணும் சார்."

கீழே இறங்கும்போது, இவரையும் கான்ட்ராக்டர் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவள் பல்லைக் கடித்தாள். அந்த மனிதர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் போய்விடு என்று கெஞ்சியது அவளுக்கு விளங்கவில்லை. உள்ளே ஒரு முறுக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு, யார் எதற்காக முறுக்கினார்கள் என்று அறிவது வேறு. தகடுகளுக்குக் காரணம் கிடையாது. மனிதர்களுக்கு உண்டு. இவ்வளவு படித்தவளுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டாம் விசாரணைக்கு அந்தக் குட்டியானை டிரைவர் வந்தான். குள்ளஞ்சாவடியில் பலாப்பழ லோடு ஏற்றுகிறவன். நெடுமாறன் வாரத்தில் ஒரு நாள் அங்கே சுமை தூக்க வருவார் என்றான். அன்றைக்கும் வந்தார், லாரியில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தவர் தோளில் சுமையோடு விழுந்தார், தண்ணீர் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது என்றான். எங்கே கொண்டுபோவது என்று போனில் கேட்டதற்கு வாய்க்கால் ஓரம் கொண்டுவந்து இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன் என்றான். சொன்னது யார் என்று அதிகாரி கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெரியண்ணன் எழுந்து நின்றார். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். செட்டில் தினம் ஒருத்தர் முறை வைத்து வெளிக்கூலிக்குப் போவது, அவர் பங்கு வேலையை மற்ற ஐந்து பேரும் சேர்ந்து இழுத்துவிடுவது, இது அவர்களுக்குள் வெகுகால ஏற்பாடு என்றார். கான்ட்ராக்ட் சம்பளத்தில் வாரம் ஓடாது என்பதால் செய்தது. யாரும் யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை.

"ஆறு பேரு வேலைய அஞ்சு பேரு பாத்தோம் சார். ஒரு நாளு கூட வேல நிக்கல. செத்தவன் பொண்டாட்டிக்கு ஒரு வழி ஆவட்டுமேன்னுதான் சொன்னோம். அன்னிக்கு என் மொறயா இருந்தா எனக்காவ அவன் வந்து சொல்லியிருப்பான்."

கான்ட்ராக்டரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வேலை இடத்தில் சாவு இல்லை என்றால் உமாராணிக்கு வேலை கொடுக்க வேண்டியதில்லை. வேலைக்கு வராமல் வந்ததாகக் காட்டியவர்கள் என்று ஐந்து பேரையும் அன்று மாலையே நிறுத்தினார். சங்கத்து ஆட்களும் எழுந்து வெளியே போனார்கள். பொய் என்று ஆகிவிட்ட பிறகு அவர்கள் எதை வைத்துப் பேசுவார்கள்? உமாராணி அபியை அணைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. எழில்மதி பக்கத்தில் போய் அண்ணி என்று கூப்பிட்டபோது, எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு காலனியில் எழில்மதிக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. செட்டில் ஒருவரான இளவழகனின் மனைவி, உன் அண்ணனுக்குப் பாடை கட்டின கைக்கு நீ செய்த கைம்மாறா இது என்று தெருவில் நிறுத்திக் கேட்டாள். எழில்மதி என் வீட்டில் வந்து தங்கினாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தாள். நீதானேம்மா உண்மை வேண்டும் என்றாய் என்று அவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அதைச் சொன்னபோதுதான் அவள் முதல்முறையாக என் முன்னால் வாய்விட்டு அழுதாள். எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கட்டிக்கொண்டேன்.

ஐரோப்பாவுக்குத் திரும்புவதற்கு முன் அண்ணியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாள். உமாராணி காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கொட்டகைக்குக் கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சுட்ட கொட்டையின் புகை கண்ணைக் கரித்தது. உமாராணி தரையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி இடம் விட்டாள். கோபமாகக்கூட இல்லை.

எழில்மதி கொண்டுவந்த பணக் கவரை நீட்டினாள். உமாராணி அதைத் தொடவில்லை, அந்த ஐந்து வீட்டுக்குக் கொடு என்றாள். அபி பள்ளிக்கூடம் போகிறாளா என்று எழில்மதி கேட்டாள். போகிறாள் என்றாள். பிறகு எழில்மதி தரையைப் பார்த்துக்கொண்டே, மன்னிச்சிடுங்க அண்ணி, கான்ட்ராக்டர்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாருன்னு நெனச்சேன் என்றாள்.

உமாராணி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"சொல்லிக் குடுத்தது நாந்தான். அவரு வுழுந்தவொடன அந்த டிரைவரு எனக்குத்தான் போன் போட்டான். உசிரு போயிடுச்சுக்கா, வூட்டுக்குக் கொண்டாரட்டுமான்னான். வூட்டுக்குக் கொண்டாந்தா அழுவறதோட முடிஞ்சிரும், அபிய வச்சிகினு நான் எங்க போவேன்? வாய்க்காலாண்ட எறக்கச் சொன்னேன். பெரியண்ணன் மாமாவுக்குப் போன் போட்டேன். புருசன் மூஞ்சியக்கூட பாக்காம அதெல்லாம் பேசினேன்."

எழில்மதி நிமிர்ந்தாள். தண்ணீர் கேட்டது, தோளைத் தேய்த்துக்கொண்டது, அந்த வார்த்தைகளும் நீங்கள் சேர்த்ததா என்று கேட்டாள்.

"அது பொய்யில்ல. ரெண்டு நாளு முன்ன வூட்ல ஒக்காந்து எங்கிட்ட சொன்னாரு. கண்ணு இருட்டுதுன்னாரு, தண்ணி குடுத்தேன். தோளத் தேச்சி வுட்டேன். சரியாப் போச்சுன்னு மறுநாளு வேலைக்குப் போயிட்டாரு. அத அப்படியே அவங்களுக்குச் சொன்னேன், எனக்கு வேற எதுவும் தோணல."

கொட்டகையில் மற்ற பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். உமாராணி மறுபடி கட்டையை எடுத்தாள், ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பைத் தனியே போட்டாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"யாரு யாரையோ போயி கேட்டியே எழிலு. என்னிய ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டனா?"